பச்சை மையில் எழுதிய கவிதைகள்: 'தி கேட்சர் இன் தி ரை' நாவலைப் படித்து முடித்தபின்

ஜே. டி. சாலிஞ்சர் எழுதி 1951-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கேட்சர் இன் தி ரை' நாவலை, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் மூர் மார்க்கெட் வளாகத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் 120 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கட்டிலிருந்து உருவித் தூசி தட்டிக் கையில் கொடுத்த கடைக்காரர், "காலேஜ் பசங்க கேட்டு வாங்கினு போற புக்கு மேடம், திமிர் புடிச்ச ஒரு பையன் கதை" என்று சொன்னார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாவலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரும் அதுதான். அந்த எண்ணத்தோடுதான் நானும், திருவொற்றியூர் தேரடியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் மெட்ரோப் பயணத்தில், நாளுக்குப் பத்துப் பக்கமாக இதைப் படிக்கத் தொடங்கினேன். முடித்த பிறகு, அந்தப் பெயர் இந்தப் புத்தகத்துக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே நினைக்கிறேன். தம்பியைப் பறிகொடுத்த ஒரு பையன், அந்த இழப்பைப் பேச ஆள் இல்லாமல், மூன்று ஆண்டுகளாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்து மனச்சோர்வில் மெல்ல மெல்ல மூழ்குவதை, அவன் வாயாலேயே சொல்லவைக்கும் நாவல் இது. பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களுடைய ஆசிரியர்களும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஹோல்டன் கால்ஃபீல்ட் என்ற பதினாறு வயதுப் பையன், பென்சில்வேனியாவில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் ஐந்து பாடங்களில் நான்கில் தோற்று வெளியேற்றப்படுகிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் முகத்தைக் காட்ட மனமில்லாமல், சனிக்கிழமை இரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்குக்கு ரயிலேறுகிறான். அங்கே திங்கட்கிழமை வரை விடுதி, மதுக்கூடம், பூங்கா, தெரு என்று அலைகிறான். இவ்வளவையும், பதினேழு வயதில், கலிபோர்னியாவில் சிகிச்சை பெறும் இடத்திலிருந்து நமக்குச் சொல்கிறான். 26 அத்தியாயங்கள், என் பிரதியில் இருநூறு சொச்சம் பக்கங்கள்.

முதல் ஐம்பது பக்கங்களில் எனக்கு இந்தப் பையனைப் பிடிக்கவில்லை. எல்லாரையும் போலி என்கிறான். பக்கத்து அறை மாணவனின் பருவையும் பாசி பிடித்த பல்லையும் சொல்லிச் சலித்துக்கொள்கிறான். கூசாமல் பொய் சொல்கிறான். என் வகுப்பில் இப்படி ஒருவன் இருந்தால் எரிச்சல்தான் வரும் என்று நினைத்தபோதுதான், ஆசிரியர் நம்மை எங்கே கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறார் என்பது உறைத்தது. மனச்சோர்வு என்றால் முகம் வாடி, மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். பதின்ம வயதில் அது பல நேரம் சிடுசிடுப்பாகவும் கோபமாகவும் வெளிப்படும் என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். வளரிளம் பருவத்தினரிடம் துயரத்துக்கு ஈடான ஓர் அறிகுறியாகவே எரிச்சலைக் கணக்கில் எடுக்கிறார்கள். அந்த விளக்கம் எதுவும் நாவலில் இல்லை. சோர்வாக இருக்கிறது, சோர்வாக இருக்கிறது என்று ஹோல்டன் பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டே வருகிறான். ஆனால் கிண்டலுக்கும் வசைக்கும் நடுவே போகிற போக்கில் அதைச் சொல்வதால், அவனைச் சுற்றியிருப்பவர்களைப் போலவே நாமும் அதைக் காதில் வாங்காமல் தாண்டிப் போகிறோம்.

அதில் ஓர் ஆசிரியர் வருகிறார். வரலாறு கற்பித்த வயதானவர், காய்ச்சலில் படுத்திருக்கிறார். பள்ளியை விட்டுப் போவதற்கு முன் விடைபெற வந்த ஹோல்டனை உட்கார வைத்து, எகிப்தியர்களைப் பற்றி அவன் தேர்வில் எழுதிய அரைகுறை விடையையும், அதன் கீழே 'நீங்கள் என்னைத் தோல்வியுறச் செய்தாலும் பரவாயில்லை' என்ற பொருளில் அவன் எழுதிய குறிப்பையும் அவன் முகத்துக்கு நேரே வாய்விட்டுப் படிக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவன்மீது உண்மையான அக்கறை கொண்டவர்; எதிர்காலத்தைப் பற்றி யோசித்தாயா என்று கேட்கிறார்; புத்திமதி சொல்கிறார். ஏன் இப்படி ஆனாய், உனக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் இந்தக் காட்சியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. தோற்ற பிள்ளையை ஸ்டாஃப் ரூமுக்கு வரச்சொல்லி, விடைத்தாளை விரித்து வைத்து, நாலு பேர் முன்னால் படித்துக் காட்டியிருக்கிறேன். அக்கறையில்தான் செய்தேன்.

தனிமையை எழுதுவதில் சாலிஞ்சருக்கு ஈடு சொல்வது கடினம். நியூயார்க் ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஹோல்டன் செய்யும் முதல் வேலை, தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைவது. யாரையாவது கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. அண்ணன் ஊரில் இல்லை, தங்கை ஃபீபி தூங்கியிருப்பாள், எடுப்பது பெற்றோராக இருந்தால் வம்பு, இன்னொருத்தியின் அம்மாவை நினைத்தால் தயக்கம், மற்றொருவனைப் பிடிக்காது. இப்படி ஒவ்வொரு பெயராக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக் கழித்து, இருபது நிமிடம் கழித்து யாரையும் அழைக்காமலே வெளியே வருகிறான். அவன் அழவில்லை, தன்னிரக்கமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று இந்தக் கூண்டு ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கிறது. இருநூறு பெயர்கள் பதிந்த செல்போனை இரவு இரண்டு மணிக்கு மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு.

நாவலின் நெஞ்சு ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அறைத்தோழன் ஒருவன், தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரும்படி ஹோல்டனிடம் கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வருணித்தால் போதும் என்கிறான். ஹோல்டன் எழுதுவது, இறந்துபோன தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி. ஆலி இடக்கைக்காரன், செம்பட்டைத் தலை, அண்ணனைவிட இரண்டு வயது இளையவன். தன் பக்கம் பந்து வராமல் சும்மா நிற்கும் நேரத்தில் படிப்பதற்காக, கையுறையின் விரல்களிலும் உள்ளங்கைப் பகுதியிலும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். 1946 ஜூலை 18-ஆம் தேதி ரத்தப் புற்றுநோயில் இறந்தான். அன்றிரவு பதின்மூன்று வயது ஹோல்டன் கார் நிறுத்தும் கொட்டகையில் படுத்து, அங்கிருந்த சன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். கை உடைந்து மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் அடக்கத்துக்குக்கூட அவனால் போக முடியவில்லை. மழை பெய்யும் நாட்களில் அந்தக் கை இன்னும் வலிக்கிறது. விரல்களை இறுக்கி மூட முடிவதில்லை. கட்டுரையைப் படித்த அறைத்தோழன், கேட்டது ஒன்று நீ எழுதியது ஒன்று என்று சீறுகிறான். ஹோல்டன் அதை வாங்கிக் கிழித்துப் போடுகிறான்.

தண்டையார்பேட்டை நிலையத்தில் ரயில் நின்றிருந்தபோது இந்தப் பகுதியைப் படித்து முடித்தேன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என் மேசை இழுப்பறை.

என் பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு மாணவன். அரையாண்டுக்கு முன்புவரை கலகலப்பாக இருந்தவன், திடீரென்று எதிர்த்துப் பேசவும், பக்கத்தில் இருப்பவனை அடிக்கவும், வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போகவும் ஆரம்பித்திருந்தான். பாட வேளையில் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ உருட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் பிடுங்கிப் பார்த்தேன். கேரம் ஸ்ட்ரைக்கர். வெள்ளை நிறம் பழுப்பேறி, ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, போரிக் பவுடர் வாசனையோடு இருந்தது. "எங்க அண்ணன்து மிஸ், குட்து மிஸ்" என்றான். வருட முடிவில் வாங்கிக்கொள் என்று சொல்லி இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி மோதி அவன் அண்ணன் இறந்து நான்கு மாதமாகியிருந்தது என்பதும், காசிமேட்டில் கேரம் கிளப்பில் அந்த அண்ணன் நன்றாக ஆடக்கூடியவர் என்பதும் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்தே இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருந்தேன். அந்த ஸ்ட்ரைக்கர் மூன்று வாரம் என் இழுப்பறையில் கிடந்தது.

வடசென்னையில் சாவுக்குச் சத்தம் உண்டு. பந்தல் போட்டு, மேளம் அடித்து, இறந்தவரின் பெயரையும் குணத்தையும் கோத்து விடிய விடிய மரண கானா பாடுவார்கள். துக்கத்தைத் தெருவுக்கே கொண்டுவந்து வைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த வழக்கத்தின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "இனிமே நீதான் ஊட்டுக்குப் பெரியவன், அம்மாவப் பாத்துக்கோ" என்று பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் தட்டிவிட்டு எல்லாரும் கலைந்து போகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அடக்கம் முடிவது அப்போது அல்ல. ஹோல்டன் மனம் மிகவும் தளரும்போதெல்லாம் இறந்த தம்பியோடு சத்தமாகப் பேசுகிறான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வா, நண்பன் வீட்டு வாசலில் நில் என்கிறான். என்றோ ஒருநாள் நண்பனோடு வெளியே கிளம்பியபோது, நீ சின்னப் பையன் என்று ஆலியைக் கூட்டிப் போகாமல் விட்டுவிட்டான். ஆலி கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. செத்துப்போனவனை இப்போது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். துக்கத்துக்குள் இருக்கும் குற்ற உணர்ச்சியை இவ்வளவு சிறிய, இவ்வளவு அற்பமான ஒரு நிகழ்ச்சியில் வைத்துக் காட்டியது பெரிய சாதனை. பெரிய துரோகம் செய்தவர்களுக்குத்தான் உறக்கம் கெடும் என்பதில்லை.

உடம்பு எப்படி இந்த நோயைத் தாங்குகிறது என்பதையும் நாவல் கூர்ந்து கவனிக்கிறது. அவன் சரியாகத் தூங்குவதே இல்லை. ஒரு கட்டத்தில் மலிவான கடை ஒன்றில் டோநட் வாங்கி வைத்துவிட்டு, மனம் சரியில்லாதபோது விழுங்க முடிவதில்லை என்று சாப்பிடாமலே விட்டுவிடுகிறான். தான் சிகிச்சைக்கு வந்த காரணத்தைத் தொடக்கத்தில் சொல்லும்போதுகூட, காச நோய் வரும் நிலைக்குப் போய்விட்டேன் என்றுதான் சொல்கிறானே தவிர, மனம் உடைந்ததைச் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் வருகிறார்கள். தலை வலிக்கிறது மிஸ், வயிற்று வலி மிஸ், வீட்டுக்குப் போகணும் மிஸ். அவர்களைக் குறை சொல்ல முடியாது; மனத்தைப் பற்றிப் பேச நாம் கொடுத்திருக்கும் சொற்கள் அப்படி. வேலைச் சுமையையும் 'மன அழுத்தம்' என்கிறோம், வாழ்வே வேண்டாம் என்று தோன்றுவதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். மனச்சோர்வு என்ற தனிச்சொல் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. தெருவில் வழங்குவது "மூட் அவுட்". அதற்கும் மேலே போனால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற ஏச்சு. 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட ஒரு மனநல மருத்துவமனையை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்; அந்த வசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எப்படி வாய் திறந்து உதவி கேட்கும்?

இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் ஹோல்டன் ஐந்தாம் அவென்யூவில் நடந்துகொண்டிருக்கிறான். தெருமுனை வரும்போதெல்லாம், நடைபாதையிலிருந்து காலை இறக்கினால் மறுபக்கம் போய்ச் சேரவே மாட்டோம், அப்படியே கீழே கீழே போய்க் காணாமல் போய்விடுவோம் என்ற பயம் பிடிக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது. என்னைக் காணாமல் போகவிடாதே என்று ஆலியிடம் கெஞ்சுகிறான்; மறுபக்கம் சேர்ந்ததும் அவனுக்கு நன்றி சொல்கிறான்; அடுத்த தெருமுனையில் மறுபடியும் கெஞ்சுகிறான். காப்பாற்ற வேண்டிய தம்பியிடமே காப்பாற்றச் சொல்லிக் கேட்கும் இந்த இடத்தில், ஒரு மனம் எந்த அளவு நொறுங்கியிருக்கிறது என்பதை எந்த மருத்துவ விளக்கமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. சாலிஞ்சர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் கரையிறங்கியவர். போர் முடிந்த கையோடு மனம் நிலைகுலைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர். இந்தப் பக்கங்கள் வெறும் கற்பனையால் மட்டும் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூச்சு விட இடம் கொடுப்பவள் பத்து வயது ஃபீபி. அவளுக்காக வாங்கிவந்த இசைத்தட்டு வழியில் விழுந்து உடைந்துவிடுகிறது. துண்டுகளைக் கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். உனக்கு எதுவுமே பிடிப்பதில்லை, பிடித்தது ஒன்றைச் சொல் என்று நேருக்கு நேர் கேட்கிறாள். ஆலியைப் பிடிக்கும் என்கிறான். ஆலி செத்துப்போய்விட்டானே என்கிறாள். இந்த உண்மையை அந்த வீட்டில் யாராவது அவனிடம் வாய்விட்டுச் சொல்வதை நாவலில் நாம் கேட்பது இங்கேதான். பிறகு கிறிஸ்துமஸுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து அவள் அவன் கையில் கொடுக்கும்போது அவன் உடைந்து அழுகிறான். அவளிடம் புத்திமதி எதுவும் இல்லை. கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்த ஆங்கிலம் எளிதாகத் தோன்றி ஏமாற்றும். வாக்கியங்கள் சின்னவை; ஆனால் 1940-களின் அமெரிக்கப் பள்ளிப் பேச்சுவழக்கும் வசைகளும் அகராதியில் அகப்படாது. நாலைந்து அத்தியாயம் பொறுத்துக்கொண்டால் காதுக்குப் பழகிவிடும். விடுதி அறைக்கு வரவழைக்கப்படும் பெண்ணைப் பற்றிய பகுதியையும், பெண்களைப் பற்றி ஹோல்டன் அள்ளி வீசும் சில கருத்துகளையும் வகுப்பறையில் அப்படியே வைக்க முடியாது. அவன் வசதியான வீட்டுப் பிள்ளை என்பதும் உறுத்தியது. பையில் பணமும், கடைசியில் சிகிச்சைக்கு ஓர் இல்லமும் அவனுக்குக் கிடைக்கின்றன. கடைசி அத்தியாயம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. எப்படித் தேறினான், தேறினானா என்று சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. என் பிரதியில் அட்டையில் படமும் இல்லை, பின்னட்டையில் கதைச்சுருக்கமும் இல்லை. எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் நாற்பது வயதைக் கடந்தவர்கள் கொஞ்சம் பெரிய எழுத்துப் பதிப்பாகத் தேடி வாங்குவது நல்லது.

இன்னொன்று மிக முக்கியம். சாவைப் பற்றிய எண்ணங்கள் இந்த நாவலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெளிப்படையாக வருகின்றன. ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் இதைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை தூங்காமல், உண்ணாமல், எதிலும் பிடிப்பில்லாமல், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தால், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் தாயும் ஆசிரியரும்கூடப் பேசலாம்.

அந்த மாணவனுக்கு நான் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயம் படித்த மறுநாள், இழுப்பறையைத் திறந்து ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கையில் கொடுத்து, அண்ணன் எப்படி ஆடுவார் என்று கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ரெட்டும் ஃபாலோவும் எப்படிப் போடுவார் என்று மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினான். அந்த வாரமே அவன் அம்மா வந்தார். "நைட்டெல்லாம் முழிச்சினே கீறான் மிஸ், சோறு வச்சா வச்ச எடத்துலயே கீது" என்று அழுதவரிடம், ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவைச் சொன்னேன். கீழ்ப்பாக்கம் இல்லையே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். இப்போது வாரம் தவறாமல் போய்வருகிறான். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் இல்லை.

ஒரு மாலை, எல்லாரும் போன பிறகு, ஆலியின் கையுறைக் கதையை மட்டும் அவனுக்குத் தமிழில் சொன்னேன். பச்சை மை என்றதும் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கையுறை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டான். அண்ணன்காரன் ஊர் ஊராகப் போகும்போதும் பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டு போனான் என்றேன்.

"பெட்டில வச்சா தொலைஞ்சிடும் மிஸ்" என்று சொல்லிவிட்டு, கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.